காக்கிக்கு ஊதும் கொம்பு

கோபத்தில் எனக்கு ஈடு நெல்லிமேட்டில் யாருமில்லை. இதை நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை. என்னைப் பெற்ற மணியம்மாளே, "எம்பொண்ணு திரௌபதி நெருப்புல பொறந்தவ, பாத்துப் பேசுங்க" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அந்தக் கோபம் இல்லாமல் போயிருந்தால் நான் இன்னும் சாமைக் கொல்லையில் களை பிடுங்கிக்கொண்டிருப்பேன். ஆகவே அதைக் குறைத்துக்கொள்ளும்படி யாரும் எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு, ஆனி மாதம். எட்டாம் வகுப்பு சர்க்கார் பரீட்சையில் தேறிவிட்டுப் போளூர் ஹாஸ்டலிலிருந்து பெட்டியோடு மலையேறி வந்திருந்தேன். பத்து வயதில்தான் முதன்முதலாகப் பலகை பிடித்தேன் என்பதால் எட்டாவது முடிக்கும்போது எனக்குப் பதினெட்டு. ஹாஸ்டலில் எங்களுக்கு வேறு பேச்சே கிடையாது. யாருக்கு என்ன உத்தியோகம் என்பதுதான். கண்ணமங்கலத்துப் பெண் வடிவு, "அரைக்காசு உத்தியோகம்னாலும் அரண்மனை உத்தியோகம் ஆவணும்டி" என்பாள். அவளுக்கு நாற்காலி வேண்டும், குடை வேண்டும், கையில் கடிகாரம் வேண்டும். மற்றபடி என்ன வேலை என்பதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. எனக்கு வாத்தியாரம்மா வேலைதான் வேண்டும். அதுவும் எங்கள் ஊரில்தான் வேண்டும்.

எங்கள் ஊரில் கதை தலைகீழ். கீழே சமவெளியில் சர்க்கார் உத்தியோகம் என்றால் பெண் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். மேலே நெல்லிமேட்டில் காக்கிச் சட்டையைக் கண்டால் கோழியைக் கூடையில் போட்டுக்கொண்டு காட்டுக்குள் ஓடுவார்கள். எந்தக் காலத்திலோ வந்த எவனோ ஒரு காக்கிச் சட்டை கோழியைத் தூக்கிக்கொண்டு போனான், ஆட்களைப் பிடித்து வெட்டி வேலை வாங்கினான். அன்றிலிருந்து ஓட்டம்தான். அதற்கு ஒரு முறையும் வைத்திருந்தார்கள். சாமைக் கொல்லைப் பரண்மேல் காவலிருப்பவனிடம் காட்டுப்பன்றியை விரட்ட ஒரு மாட்டுக்கொம்பு இருக்கும். காக்கி தெரிந்தால் அதை நீளமாக ஒரே ஊதாக ஊதுவான். ஊர் காலியாகிவிடும். வந்தவன் போனபிறகு இரண்டு குட்டை, ஒரு நெட்டையாக ஊதுவான். ஊர் திரும்பிவிடும். ஒளிகிற இடம் தேன்பாறைக்குப் பின்னால். சின்ன வயதில் ஓட்டத்தில் நான்தான் முதல்.

அந்த வருடம் பரண்மேல் இருந்தவன் அர்ச்சுனன், என் தாய்மாமன் மகன். வயது இருபத்தொன்று. எனக்கும் அவனுக்கும் கல்யாணப் பேச்சு அரசல்புரசலாக ஓடிக்கொண்டிருந்தது. நான் வாத்தியார் பயிற்சிக்குப் போகிறேன் என்றதும் அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"ரெண்டு வருஷம் பயிற்சி எடுத்து கோழி புடிக்கப் போறியா? வா, நானே கத்துத் தர்றேன்."

"நான் புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லித்தரப் போறேன். உன்ன மாதிரி பன்னியோட பேசிக்கினு இருக்க மாட்டேன்."

"எல்லாம் ஒரே சர்க்காருதானே? நீ சர்க்காரு ஆளாயி வந்தா, உன்னப் பாத்தும் ஊதுவேன்மே. இது சத்தியம்."

"ஊதிப் பாரு. கொம்பைப் புடுங்கி உன் வாயிலயே அடைக்கிறேன்."

பயிற்சிப் பள்ளி விண்ணப்பத்தில் எல்லாம் எழுதியாகிவிட்டது. பாக்கி ஒன்றே ஒன்று, என் தகப்பன் குப்பனின் கட்டைவிரல் ரேகை. அதையும் மலைமக்கள் நல்வாழ்வு இலாகா அதிகாரி ஊருக்கே நேரில் வந்து, தன் கண் முன்னால் வாங்கிக் கையெழுத்துப் போட வேண்டும். புதன்கிழமை வருவதாகக் கடிதம் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை வேலூரில் பட்டியலை முடித்துவிடுவார்கள். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் எனக்கு வயது தாண்டிவிடும். இந்தத் தடவை விட்டால் விட்டதுதான்.

நைனாவை ஒரு வாரம் நச்சரித்துச் சம்மதிக்க வைத்திருந்தேன். "ஒரு கைநாட்டுதானேமே, வெச்சுடறேன்" என்றார். அர்ச்சுனனிடமும் போய்ச் சொன்னேன். போன தடவை ஹாஸ்டலுக்கு வந்த அதிகாரி வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தார், அதனால் வெள்ளைச் சட்டை வந்தால் ஊதாதே என்றேன். "வெள்ளைக்கு நான் ஏன் ஊதப்போறேன்?" என்று அவனும் ஒப்புக்கொண்டான். எல்லாம் சரியாக இருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போதுதானே தாழி உடையும்!

புதன்கிழமை உச்சிப்பொழுது. நைனாவின் கட்டைவிரலைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, அவரை வாசலில் உட்கார வைத்திருந்தேன். அம்மா களி கிண்டிக்கொண்டிருந்தாள். அப்போது பரண்மேலிருந்து கொம்பு ஊதியது. நீளமாக, ஒரே ஊதாக.

நான் "இருங்க, இருங்க!" என்று கத்துவதற்குள் நைனா எழுந்து ஓடிவிட்டார். அன்றைக்கு அவர்தான் முதல். அம்மா களிப் பானையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். கோழிகள் கூடைக்குள், பிள்ளைகள் இடுப்பில், ஊர்க்கவுண்டர் துரைக்கண்ணு கையில் தன் ஒற்றை வெண்கலச் செம்பு. ஒரு வெற்றிலை மெல்லும் நேரத்தில் ஊரில் மிச்சமிருந்தது நானும் ஒரு சொறிநாயும்தான்.

சரிவில் ஏறி வந்தார் அதிகாரி. தோல் பை, வியர்த்து வழியும் முகம், இருபத்தைந்து இருபத்தாறு வயது. உடம்பில் புத்தம்புதுக் காக்கிச் சட்டை, காக்கிக் கால்சட்டை! கஞ்சி போட்டு, நடக்கும்போது சரசரவென்று சத்தம் வேறு.

"நீதானம்மா திரௌபதி? நான் சத்தார், நல்வாழ்வு இலாகா" என்று சுற்றும் முற்றும் பார்த்தார். "இன்னாம்மா ஊர்ல ஒருத்தரும் இல்லியே? எங்கியாவது திருவிழாவா?"

"உங்க சட்டையப் பாத்து ஓடிட்டாங்க சார்!" எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "ஏன் சார் காக்கி போட்டீங்க? வெள்ளை இல்லியா உங்ககிட்ட?"

ஓர் அதிகாரியைப் பார்த்து இப்படிக் கேட்கலாமா என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. தன் சட்டையைக் குனிந்து பார்த்தார்.

"எங்கம்மா தைச்சுக் குடுத்ததும்மா. கவர்மெண்டு உத்தியோகம்னா காக்கின்னு அவங்களுக்கு நெனப்பு. வேலைக்குச் சேந்து ஒரு மாசந்தான் ஆவுது. போடலன்னா வருத்தப்படுவாங்கன்னு போட்டேன்." பிறகு ஆகாயத்தைப் பார்த்தார். "மூணு மணிக்குள்ள நான் எறங்கணும். அப்புறம் வழில கரடி நடமாட்டம்னு சொல்றாங்க. எங்க ஒளிஞ்சிருக்காங்க, காட்டு, நானே வர்றேன்."

அதுதான் முடியாது. தேன்பாறையைக் காக்கிக்குக் காட்டிக் கொடுத்தால் என்னை ஊர் மன்னிக்காது. நானே என்னை மன்னிக்க மாட்டேன். "நீங்க இங்கயே குந்துங்க சார், நான் கூட்டிக்கினு வர்றேன்" என்று பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன்.

பாறைக்குப் பின்னால் ஊரே மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தது. அம்மா மட்டும் களியைக் கிண்டிக்கொண்டிருந்தாள், கட்டி தட்டிவிடும் என்று. அர்ச்சுனன் என் கண்ணைப் பார்க்காமல், "காக்கி வந்தா ஊதறதுதான் என் வேலை. நீ வெள்ளைன்னு சொன்னே, வந்தது வெள்ளையா?" என்றான்.

"நைனா, எழுந்து வா. அவரு நல்ல மனுசன். ஒரே ஒரு கைநாட்டு."

நைனா கட்டைவிரலைக் கைக்குள் மூடிக்கொண்டார். துரைக்கண்ணு கவுண்டர் முந்திக்கொண்டார். "காக்கிக்கு முன்னால வெரல நீட்டினவன் உருப்பட்டதில்ல பாப்பா. உங்க நைனா ஒரு தபா வெச்சான். என்னாச்சு, கேளு."

எனக்குத் தெரியாத கதை அது. நான் பிறப்பதற்கு முன், வெற்றுத் தாளில் எவனோ விரலை வாங்கிக்கொண்டு, நீதான் ஒப்புக்கொண்டாயே என்று பதினோரு நாள் கூலியில்லாமல் மரம் தூக்க வைத்திருக்கிறான். அந்தப் பதினோரு நாளை நைனா என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது.

"அந்தத் தாள்ல இன்னா எழுதியிருந்துதுன்னு உனக்குத் தெரிஞ்சுதா? தெரியல. ஊர்ல ஒருத்தருக்கும் தெரியல. அதனாலதான் தூக்கினே! இந்தத் தாள்ல எழுதினது நான். ஒவ்வொரு எழுத்தும் நான் எழுதினது. இதுக்குப் பயந்தா நீ என்னப் பாத்துப் பயப்படற மாதிரி. எத்தினி காலம் ஓடுவீங்க? கால் வலிக்கலையா உங்களுக்கெல்லாம்?"

அதற்குமேல் பேச முடியாமல் தேம்பி அழுதுவிட்டேன். நான் கத்துவது ஊருக்குப் பழகிப் போயிருந்தது. அழுது யாரும் பார்த்ததில்லை. நைனா மெல்ல எழுந்தார்.

"அழுவாதமே. அந்தக் காக்கியக் கழட்டச் சொல்லு, நான் வர்றேன்."

சொல்வது சுலபம். ஓர் அதிகாரியிடம் போய்ச் சட்டையைக் கழற்றுங்கள் என்று ஒரு பெண்பிள்ளை எப்படிச் சொல்வது? மூச்சிரைக்க ஓடிவந்து, தரையைப் பார்த்தபடி சொல்லிவிட்டேன்.

"யா அல்லா! சட்டையவா?" என்றார் சத்தார். பிறகு பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். நான் திரும்பி நின்றுகொண்டேன். "சரி, பனியனோட நிக்கிறேன். வரச் சொல்லும்மா."

என் பின்னாலேயே வந்து புளியமரத்துக்குப் பின்னால் பதுங்கியிருந்த நைனாவின் குரல் வந்தது. "கீழ இருக்கறதும் காக்கிதானே!"

எனக்கு உயிரே போனது. ஆனால் சத்தார் சிரித்தார் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு! மலை எதிரொலித்தது. "வேட்டி ஒண்ணு இருந்தா குடுங்கய்யா, இதையும் கழட்டிடறேன்" என்று மரத்தைப் பார்த்துச் சொன்னார். நைனாவின் முழங்கால் வேட்டியை எடுத்துக் கொடுத்தேன். குடிசைக்குள் போய்க் கட்டிக்கொண்டு, பனியனும் வேட்டியுமாக வெளியே வந்தார். காக்கி இரண்டையும் சுருட்டிக் கூரைமேல் வீசினேன்.

அப்போதுதான் அர்ச்சுனன் பரண் ஏறி ஊதினான். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. ஊர் திரும்பி வந்து, நைனாவின் வேட்டியில் நின்ற அதிகாரியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். நைனா எதிரில் வந்து குந்தினார். விரலை நீட்டுவதற்கு முன் என்னைப் பார்த்து, "படிச்சுக் காட்டுமே" என்றார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஊர் கேட்க உரக்கப் படித்தேன். சத்தார் மையை நீட்ட, நைனா விரலை அழுத்தி வைத்தார். ரேகை ஒவ்வொரு கோடும் தெளிவாக விழுந்தது.

சத்தாரைச் சாப்பிடாமல் அனுப்பவில்லை. களியும் மொச்சைக் குழம்பும், பிறகு ஒரு கிண்ணம் தேன். விரலை நக்கிக்கொண்டே சொன்னார்: "எங்க அத்தாவுக்கு, அதான் எங்கப்பாவுக்கு, வாணியம்பாடில தோல் மண்டி. சொந்தத் தொழில உட்டுட்டுச் சம்பளத்துக்குப் போறான் பாருன்னு வூட்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. இங்க வந்தா இன்னான்னா, பாத்ததும் ஓடறீங்க. நான் எங்கதான் போவட்டும்?"

"எப்பவும் வேட்டியில வாங்க சார், ஓட மாட்டோம்" என்றான் அர்ச்சுனன்.

கரடிக்கு முன் அவர் இறங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை என் பெயர் பட்டியலில் இருந்தது.

இரண்டு வருடப் பயிற்சி முடிந்து வேலை உத்தரவு வந்தது. கூடப் படித்தவர்கள் எல்லாம் ஆரணி, போளூர் என்று பஸ் நிற்கிற ஊராகப் பார்த்துக் கேட்டார்கள். நான் நெல்லிமேட்டைக் கேட்டு எழுதினேன். "பைத்தியமாடி உனக்கு? அங்க ஃபேனு இல்ல, நாற்காலிகூட இருக்காது" என்றாள் வடிவு. நெல்லிமேட்டுக்குப் புதிதாக ஓராசிரியர் பள்ளி கொடுத்தார்கள், ஒரு நிபந்தனையோடு. திறக்கிற அன்றே பதினைந்து பிள்ளைகள் பதிவேட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பள்ளி பக்கத்து ஊருக்குப் போய்விடும், நானும் கூடவே போய்விட வேண்டும்.

அறுபதாம் வருடம், வைகாசி கடைசி. வெள்ளைக் கைத்தறிப் புடவை, கக்கத்தில் குடை, கையில் பதிவேடும் மைப்பெட்டியும் வைத்த பை. கால் வலியே தெரியாமல் மலையேறினேன். கடைசித் திருப்பம் தாண்டி எங்கள் கூரைகள் தெரிந்தன. அப்போது கொம்பு ஊதியது.

நீளமாக, ஒரே ஊதாக.

எந்தக் காக்கி வருகிறது என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒரு ஆளும் இல்லை. பாதை நெடுக நான் ஒருத்திதான்.

வந்தது பாருங்கள் கோபம்! அவன் சத்தியத்தை இரண்டு வருடம் பத்திரமாக வைத்திருந்து ஊதியிருக்கிறான். ஊருக்குள் நுழைந்தேன். ஒரு ஆள் இல்லை. எங்கள் வீட்டு வாசலில் உலக்கை சாய்ந்து கிடந்தது. என் அம்மாகூடவா? இருக்கட்டும், எனக்குத் தெரியாத இடமா என்று குடையை ஊன்றிக்கொண்டு தேன்பாறைக்குப் போனேன்.

தேன்பாறைக்குப் பின்னால் யாரும் இல்லை.

அங்கேதான் என் கோபம் இறங்கிப்போனது. இடத்தை மாற்றிவிட்டார்கள். சர்க்காருக்குத் தெரிந்த இடத்தில் எவன் ஒளிவான்? சர்க்கார் இப்போது நான். நான் ஓடி விளையாடிய இடத்தில் எனக்குப் பயந்து ஒளிந்துகொண்டு ஒரு ஊர். பாறைமேல் உட்கார்ந்தேன். வாத்தியாரம்மா ஆகிவிட்டேன், நெல்லிமேட்டுக்காரியாக இல்லாமல் போய்விட்டேன். பதினைந்து பெயர் எழுதக் கோடு போட்டு வைத்திருந்த பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடினேன்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, திரும்பும் வழியில் பரணைப் பார்த்தேன். ஆள் இல்லை. கொம்பு மட்டும் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அர்ச்சுனன் தூங்கும்போதுகூடக் கழுத்திலிருந்து கழற்றாத கொம்பு.

குடையை எறிந்தேன். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு பரண் ஏறினேன். சின்ன வயதில் திருட்டுத்தனமாக ஊதிப் பழகியதுதான். முதல் ஊது காற்றாகப் போனது. இரண்டாவது பிடித்துக்கொண்டது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை. மலையே திருப்பிச் சொன்னது.

ஓடைப் பக்கத்து மூங்கில் புதருக்குள்ளிருந்து ஊர் எழுந்து வந்தது. ஓஹோ, புது இடம் அதுதானா! துரைக்கண்ணு கவுண்டர் செம்போடு முன்னால் வந்து, பரணை அண்ணாந்து பார்த்தார். வெயிலில் கண் கூசியதால் மேலே யாரென்று தெரியவில்லை.

"இன்னாப்பா, ஆபீசர் போய்ட்டாரா?"

"போய்ட்டாரு, கவுண்டரே" என்றேன். "நான்தான் இருக்கேன்."

முதலில் அம்மா சிரித்தாள். அவ்வளவுதான், ஊரே சிரித்தது. பிள்ளைகள் பரண் கால்களைப் பிடித்து ஆட்டினார்கள். நைனா தலையைச் சொறிந்துகொண்டே வந்தார்.

"உன்னப் பாத்து ஓடலமே. கொம்பு ஊதினா கால் தானா ஓடுது, நான் இன்னா பண்ணட்டும்?"

அர்ச்சுனன் கடைசியாக வந்தான். கீழே இறங்கியதும் கொம்பை ஓங்கினேன்.

"இரு, இரு" என்று கையைத் தடுத்தான். "ஊதறேன்னு சத்தியம் பண்ணேன், ஊதினேன். கொம்பை ஏன் உட்டுட்டுப் போனேன்னு யோசிச்சியா?"

யோசித்தேன். கொம்பை அவன் வாயில் அடைக்கவில்லை.

பதிவேட்டைப் புளியமரத்தடியில் பிரித்தேன். பதினேழு பிள்ளைகள் தேறினார்கள். ஒவ்வொரு பெயரையும் எழுதி, எழுதியதை உரக்கப் படித்துக் காட்டிய பிறகுதான் தகப்பனிடமோ தாயிடமோ விரல் வாங்கினேன். வரிசையில் எல்லாருக்கும் முன்னால் நின்றவர் நைனா. கட்டைவிரலைப் புளி போட்டுக் கழுவிக்கொண்டு வந்திருந்தார்.

"நைனா, உனக்கு ஏது பள்ளிக்கூடம் சேக்கறதுக்குப் புள்ள? இருந்தது நான் ஒருத்திதானே?"

"புள்ள இல்லன்னா இன்னாமே?" என்று விரலை மையில் அழுத்தினார். "சர்க்காரு எம்பொண்ணு. நான் பயமில்லாம ஒரு தபா வெச்சுப் பாக்கறேன், உடு."

வைத்தார். எந்தப் பிள்ளையின் பெயருக்கும் நேராக இல்லாமல், பக்கத்தின் உச்சியில். அடுத்த மாதம் இன்ஸ்பெக்டர் வந்து இது யாருடையது என்று கேட்டார். "எங்க நைனாவுது சார், மை நல்லா ஒட்டுதான்னு பாத்தோம்" என்றேன்.